பேரீச்சம்பழத்துக்குப் போக இருந்த விமானம் வானத்தில் பறந்தது!

அப்பா ஓட்டிய ரகத்தைத் தேடிப் பிடித்த மகன். 80 வயது 'டகோட்டா'வின் கதை

2024 அக்டோபர் 6. ஞாயிற்றுக்கிழமை. சென்னை மெரீனா கடற்கரையில் மணல் தெரியவில்லை. தலைகள்தான் தெரிந்தன. விமானப்படை சாகசத்தைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனங்கள் திரண்டிருந்தார்கள்.

வெயிலும் நெரிசலும் சேர்ந்து சிலர் உயிரைப் பறித்த சோக நாளும் அதுதான். அதை யாரும் மறக்க முடியாது.

அன்று வானத்தில் 'ரஃபேல்' சீறியது. 'தேஜஸ்' குட்டிக்கரணம் போட்டது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் காணாமல் போயின.

அவற்றுக்கு நடுவே ஒரு விமானம் மட்டும் அவசரமே இல்லாமல் வந்தது. இரண்டு காற்றாடி. தொப்பை வயிறு. 'கடகட' என்று பழைய லாரிச் சத்தம்.

"என்னப்பா இது, ஊர்வலம் போகிற மாதிரிப் போகுது?" என்று கேட்கத்தான் தோன்றும்.

அதுதான் டகோட்டா. பெயர் 'பரசுராமா'. பிறந்த வருஷம் 1944. மெரீனாவுக்கு வந்தபோது வயது 80!

ரஃபேலை அரசாங்கம் வாங்கியது. இந்தக் கிழவரை வாங்கியது அரசாங்கம் அல்ல. ஒரு மகன் தன் தகப்பனாருக்காகச் சொந்தக் காசைப் போட்டு வாங்கினார். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

பழைய இரும்பு!

தகப்பனார் பெயர் எம்.கே.சந்திரசேகர். கேரளாக்காரர். இந்திய விமானப்படையில் ஏர் கமோடர் பதவி வரை உயர்ந்து ஓய்வு பெற்றவர். படையில் அவர் ஓட்டிய விமானங்களில் ஒன்று டகோட்டா.

மகன் ராஜீவ் சந்திரசேகர். செல்போன் கம்பெனி நடத்தித் தொழிலில் பெயர் எடுத்தவர். பிறகு ராஜ்யசபா எம்.பி. ஆனார். மத்திய ராஜாங்க மந்திரியாகவும் இருந்தார். சிறு வயதில் வளர்ந்தது விமானப்படைக் குடியிருப்புகளில். டகோட்டாவின் சத்தம் அவருக்கு வீட்டுச் சத்தம்.

விமானப்படை 1980களின் கடைசியில் டகோட்டாக்களுக்கு விடை கொடுத்துவிட்டது. சில காட்சிசாலைக்குப் போயின. பல பழைய இரும்பாயின. பறக்கிற டகோட்டா ஒன்றுகூடப் படையிடம் இல்லை.

2011-ல் வெளிநாட்டில் ஒரு டகோட்டா கழித்துக் கட்டப்பட்டுக் கிடப்பது தெரிந்தது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய நிலை. அதை ராஜீவ் வாங்கினார்.

அப்பா ஓட்டிய அதே விமானமா? இல்லை. அதே ரகம். உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்துவிட்டு, பிறகு தனியார் கம்பெனிகளில் உழைத்துத் தேய்ந்த விமானம்.

வாங்குவது சுலபம். பறக்க வைப்பதுதானே கஷ்டம்! இங்கிலாந்தில் கொடுத்துப் பழுது பார்க்கவே வருஷக்கணக்கில் ஆயிற்று.

கொடுத்தாலும் வாங்கவில்லை!

இதில் ஒரு வேடிக்கை. விமானத்தை விமானப்படைக்கே இனாமாகத் தருகிறேன் என்று ராஜீவ் முதலில் சொன்னபோது, அரசாங்கம் ஏற்கவில்லை.

அரசாங்கத்துக்கு இனாம் கொடுப்பதுகூட லேசான காரியம் இல்லை. வாசகர்களில் ஆபீஸ் குமாஸ்தாக்கள் இருந்தால் சிரிப்பார்கள். ஃபைல் நகர வேண்டாமா?

மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு மந்திரியாக இருந்தபோது ஃபைல் நகர்ந்தது. அரசு சம்மதித்தது.

2018 பிப்ரவரி 13. டெல்லியில் தானப் பத்திரம் கைமாறியது. விமானப்படைத் தளபதி தனோவா ஏற்றுக்கொண்டார். சந்திரசேகரும் அங்கே இருந்தார். மகன் தேடிப் பிடித்த பொருள், தகப்பனார் வேலை பார்த்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

7 நாடு தாண்டி...

தானப் பத்திரம் டெல்லியில். விமானம் இங்கிலாந்தில். எப்படிக் கொண்டு வருவது?

பிரித்துக் கட்டிக் கப்பலில் ஏற்றலாம். ஆனால் அப்படிச் செய்யவில்லை. பறந்தே வருவது என்று முடிவு செய்தார்கள். 74 வயது விமானம்!

2018 ஏப்ரல் 17-ந் தேதி கவென்ட்ரி நகரில் இருந்து கிளம்பியது. இங்கிலாந்து விமானிகளோடு நம் விமானப்படைக்காரர்களும் சேர்ந்து ஓட்டி வந்தார்கள்.

பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், ஜோர்டான், சவூதி அரேபியா, பஹ்ரைன், ஓமன்... ஒவ்வொரு நாட்டிலும் இறங்கி, எண்ணெய் போட்டு, எஞ்சினைத் தடவிப் பார்த்து, மறுபடி கிளம்பி வந்தார்கள். கடைசியாகக் கடலைத் தாண்டி குஜராத்தில் ஜாம்நகரில் சக்கரம் பதித்தது.

இன்றைய ஜெட்டில் லண்டனில் ஏறினால் ஏறக்குறைய 9 மணி நேரத்தில் டெல்லி. சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டால் முடிந்தது. டகோட்டாவுக்கு ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது!

மே 4-ந் தேதி டெல்லி அருகே ஹிண்டன் தளத்தில் விழா நடத்தி அதைப் படையில் சேர்த்தார்கள். வாலில் எழுதிய எண் 'வி.பி. 905'.

அந்த எண் ஏன்?

சும்மா போட்ட எண் இல்லை அது. 1947-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் அக்டோபரில் காஷ்மீருக்குள் படையெடுப்பாளர்கள் புகுந்தார்கள். பாரமுல்லா வரை வந்துவிட்டார்கள். அடுத்தது ஸ்ரீநகர்தான். அக்டோபர் 26-ந் தேதி மகாராஜா ஹரி சிங் இந்தியாவோடு சேரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

ரோடு வழியாகப் பட்டாளத்தை அனுப்ப நேரம் இல்லை. ஒரே வழி ஆகாயம். கையில் இருந்தது டகோட்டா.

27-ந் தேதி விடியற்காலை. லெப்டினென்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய் தலைமையில் முதல் சீக்கியப் பட்டாளத்து ஜவான்கள் டெல்லியில் விமானம் ஏறினார்கள். ஸ்ரீநகர் விமான நிலையம் நம் கையில் இருக்கிறதா, எதிரி கையில் போய்விட்டதா என்பதுகூட நிச்சயமாகத் தெரியாது!

இறங்கினார்கள். ஸ்ரீநகர் பிழைத்தது. ராய் முதல் மோதல்களிலேயே பாரமுல்லா அருகே உயிர் கொடுத்தார். அவருக்கு மகா வீர சக்கரம் வழங்கப்பட்டது.

அன்று முதலில் ஸ்ரீநகரில் இறங்கியதாகச் சொல்லப்படும் டகோட்டாவின் எண்தான் வி.பி. 905. அந்த எண்ணைத்தான் இந்த விமானம் சுமக்கிறது.

சந்திரசேகர் விமானப்படையில் சேர்ந்தது அதற்குப் பிறகு. ஆனால் அவர் காலத்திலும் டகோட்டாவுக்கு ஓய்வு இல்லை. 1971 டிசம்பர் 11-ந் தேதி வங்காளதேசத்தில் டாங்காயில் என்ற ஊரில் நம் பாராசூட் வீரர்களைக் குதிக்க வைத்த விமானங்களிலும் டகோட்டா உண்டு.

பட்டாளத்துக்கு மட்டுமா?

டகோட்டா பிறந்தது யுத்தத்துக்காக அல்ல, பயணிகளுக்காக! அமெரிக்காவின் டக்ளஸ் கம்பெனி 1935 டிசம்பர் 17-ந் தேதி இந்த ரகத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டது. முதலில் செய்தது ரயில் 'பெர்த்' மாதிரிப் படுக்கை வைத்த விமானம்.

யுத்தம் வந்தது. பட்டாளத்துக்காக ஆயிரக்கணக்கில் செய்து தள்ளினார்கள். அமெரிக்காவில் மட்டும் 10 ஆயிரத்துக்கு மேல். யுத்தம் முடிந்ததும் மிச்சமானவை சல்லிசான விலைக்கு வந்தன. நம் நாட்டில் புதுசு புதுசாக விமானக் கம்பெனிகள் முளைத்தன.

1949-ல் ராத்திரித் தபால் விமானம் வந்தது. சென்னை, டெல்லி, பம்பாய், கல்கத்தா நான்கு ஊரிலிருந்தும் ராத்திரியில் டகோட்டாக்கள் கிளம்பும். நடு ராத்திரி நாகபுரியில் சந்திக்கும். தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பும். சாயங்காலம் போட்ட கடுதாசி மறுநாள் வட இந்தியாவில்!

1953-ல் கம்பெனிகளை எல்லாம் சேர்த்து 'இந்தியன் ஏர்லைன்ஸ்' ஆக்கியபோது, அதன் கையில் இருந்த டகோட்டா மட்டும் 74. அந்தக் காலத்தில் 'பிளேனில் போனேன்' என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் டகோட்டாவில்தான் போயிருப்பார்.

யானையைக் கட்டித் தீனி போடுவது!

பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வாங்குகிற செலவு ஒரு மடங்கு. வைத்துக் காப்பாற்றுகிற செலவு பத்து மடங்கு. விமானம் என்றால் கேட்க வேண்டுமா?

டகோட்டாவுக்கு இரண்டு எஞ்சின். ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர். ஒவ்வொன்றும் 1,200 குதிரை சக்தி. வட்டமாக அடுக்கிய சிலிண்டர்கள். ராத்திரி நின்றிருந்தால் ஆயில் இறங்கிக் கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் போட்டால் உள்ளே ராடு வளைந்துவிடும். அதனால் காலையில் முதல் வேலை, ஆட்கள் காற்றாடியைக் கையால் பிடித்துச் சுற்றுவது. நம்ம ஊர்ப் பழைய பஸ்ஸுக்கு ஹாண்டில் போட்ட மாதிரி!

பெட்ரோல்? இன்றைய ஜெட்டுக்கு மண்ணெண்ணெய் ஜாதி எண்ணெய். டகோட்டாவுக்கு அது ஆகாது. விமானத்துக்கென்றே தயாராகும் தனி ரகப் பெட்ரோல் வேண்டும். பல விமான நிலையங்களில் அது கிடைக்காது. நம் நாட்டிலேயே 2022 வரை இறக்குமதிதான். அந்த வருஷம்தான் இந்தியன் ஆயில் கம்பெனி குஜராத்தில் தயாரித்து விற்பனைக்கு விட்டது. அது சும்மா கிடைக்கிற சரக்கா? ஒரு மணி நேரம் பறந்தால் 300 லிட்டருக்கு மேல் குடிக்கும்!

இறக்கை அலுமினியத் தகடு. ஆனால் வாலிலும் இறக்கை ஓரத்திலும் அசைகிற பாகங்களுக்குப் போர்த்தியிருப்பது துணி. கிழிந்தால் தைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மூன்றாவது சக்கரம் வாலில். தரையில் நிற்கும்போது உள்ளே நடந்தால் மேடு ஏறுகிற மாதிரி இருக்கும். இறக்குவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். ஜெட் ஓட்டிப் பழகியவர்கள் இதற்கென்று புதிதாகப் படிக்க வேண்டும்.

எஞ்சின் வேலை தெரிந்த கிழ மெக்கானிக்குகள் உலகம் பூராவும் குறைந்துகொண்டு வருகிறார்கள். சாமான் கிடைத்தாலும் கை வேண்டுமே! ஆசைப்பட்டு வாங்குகிற பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

ராஜீவ் செய்த கெட்டிக்காரத்தனம் இதுதான். விமானத்தைத் தன் வீட்டுப் பெருமையாக வைத்துக்கொள்ளவில்லை. ஓட்டவும் பார்த்துக்கொள்ளவும் ஆள் உள்ள இடத்தில் ஒப்படைத்துவிட்டார்.

பறக்காத இன்னொன்று

இதற்குச் சோடியாக இன்னொரு கதையும் உண்டு. ஒரிசாவின் பிஜு பட்நாயக் பெரிய விமானி. 'கலிங்கா ஏர்லைன்ஸ்' நடத்தியவர். 1947-ல் இந்தோனேசியத் தலைவர் ஷாரிரை டச்சுக்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு விமானத்தில் அழைத்து வந்த தீரர்.

அவருடைய கம்பெனியின் டகோட்டா ஒன்று கல்கத்தா விமான நிலையத்தில் பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தது. மகன் நவீன் பட்நாயக் முதல்மந்திரியாக இருந்தபோது, 2023 ஜனவரியில், அதைப் பாகம் பாகமாகப் பிரித்து லாரிகளில் ஏற்றி புவனேஸ்வரத்துக்குக் கொண்டு வந்தார்கள். சேர்த்துப் பூட்டி, பெயிண்ட் அடித்து, காட்சிக்கு வைத்தார்கள்.

நல்ல காரியம்தான். குழந்தைகள் போய்ப் பார்க்கலாம். ஆனால் அந்த எஞ்சின் இனிப் பேசாது.

ஓடினால்தான் ஓடும்!

எஞ்சின் என்பது ஓடிக்கொண்டே இருந்தால்தான் ஓடும். சும்மா நிறுத்தி வைத்தால் ரப்பர் காயும், உள்ளே துருப்பிடிக்கும். டகோட்டாவைக் காப்பாற்ற ஒரே வழி, அதைப் பறக்கவிட்டுக்கொண்டே இருப்பதுதான்.

விமானப்படை அதைச் செய்து வருகிறது. 2021 குடியரசு தின அணிவகுப்பில், 1971 யுத்தத்தின் 50-வது வருஷத்தை ஒட்டி, இரண்டு ஹெலிகாப்டர்கள் பக்கத்தில் வர டெல்லி ராஜபாதைக்கு மேல் பறந்தது. மறு வருஷமும் பறந்தது. 2024-ல் மெரீனாவுக்கு வந்தது.

நம் வீடுகளிலும் இப்படி ஏதாவது ஒன்று மூலையில் கிடக்கும். அப்பா மிதித்த சைக்கிள். தாத்தா கடையில் வைத்திருந்த தராசு. அம்மா தைத்த மெஷின். "இடத்தை அடைக்குது, போட்டுடலாம்" என்போம். தள்ளுவண்டிக்காரர் வருவார். பேரீச்சம்பழம் கிடைக்கும். அன்றைக்கே தின்று தீர்த்துவிடுவோம்.

எல்லோராலும் விமானம் வாங்க முடியாது. சைக்கிளுக்கு ஆயில் போட முடியும்.

அன்றைக்கு மெரீனாவில், 'கடகட' என்று போன கிழவரைக் கண்ணுக்கு எட்டிய வரை பார்த்துக்கொண்டு நின்றிருந்தால், அதன் பின்னால் ஒரு தகப்பனாரும் ஒரு மகனும் இருந்தது தெரிந்திருக்காது. இப்போது தெரிந்துவிட்டது. அடுத்த தடவை வந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.