இரத்தத்தில் செம்பும் துத்தநாகமும்

உறையூரில் தறியோசை கேட்டு வளர்ந்தவன் நான். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுத் தெருவிலே உலர்த்துவதைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். கஞ்சிப் பூச்சு உதிர்ந்த இழை தறியில் நைந்து அறுந்துவிடும். நம் நரம்பிழைகளுக்கும் அவ்வாறே கொழுப்பு மிக்க ஓர் உறை உண்டு; மயலின் என்பது அதன் பெயர். மூளையிலும் தண்டுவடத்திலும் அவ்வுறை ஆங்காங்கே அழிவதையே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறார்கள். பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும்.

இந்நோயுற்ற என் சிற்றப்பா மகன், மருத்துவனாகிய என்னிடம் இரத்தப் பரிசோதனைத் தாளுடன் வந்தான். "துத்தநாகம் குறைவாக இருக்கிறதே அண்ணா, மாத்திரை வாங்கிச் சாப்பிடட்டுமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்கிறேன்.

நுண்கனிமங்களைப் பற்றிய இந்த ஐயம் பழையது. ஆட்டுக்குட்டிகளின் பின்னங்கால் தளர்ச்சிக்குத் தாய் ஆட்டின் செம்புக் குறைவே காரணம் என்று மேற்கு ஆஸ்திரேலியாவில் பென்னெட்ஸ், சாப்மன் என்னும் இருவர் 1937-இல் அறிவித்தனர். அவ்வகை ஆட்டுநோயை ஆராய்ந்த எழுவரில் நால்வருக்கு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸை ஒத்த நோய் கண்டதாக 1947-இல் இங்கிலாந்தில் ஓர் அறிக்கை வெளிவந்தது. மனிதரின் நோய்க்கும் செம்பே காரணமோ என்று பலர் எண்ணினர். ஆயினும் நோயாளிகளின் இரத்தத்தை அளந்தபோது, ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறிற்று.

ஏன்? இரத்தத்தில் செம்பின் பெரும்பகுதியைச் சுமப்பது செருலோபிளாஸ்மின் என்னும் புரதம். உடம்பில் அழற்சி மூண்டால் அப்புரதம் மிகும். செம்பின் அளவும் உடன் ஏறும். துத்தநாகமோ இரத்தத்தை விட்டுக் கல்லீரலில் ஒதுங்கும். ஆதலால் தாளில் காணும் ஏற்றத்தாழ்வு நோயின் விளைவாகவும் இருக்கலாம். அதையே காரணமென்று கொள்வதற்கில்லை.

"இருந்தாலும், குறைந்ததை நிரப்பினால் என்ன கேடு?" என்பீர்கள். கேடு உண்டு. துத்தநாகத்தை நெடுநாள் மிகுதியாக உட்கொண்டால், குடலின் உயிரணுக்கள் செம்பை உள்ளே விடாமல் பற்றிக்கொண்டு, தாம் உதிரும்போது அதையும் வெளியேற்றிவிடும். செம்பு வற்றினால் தண்டுவடம் கெடும், நடை தள்ளாடும். பல்செட்டை ஒட்டும் பசையிலிருந்த துத்தநாகத்தால் அவ்வாறு நலிந்தோரைப் பற்றி 2008-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். நரம்புநோய்க்கு மருந்தென்று நினைத்து உண்பதே, இன்னொரு நரம்புநோயைக் கொண்டுவரக்கூடும்.

அச்செம்புக் குறைவைக் காலத்தே கண்டுபிடித்தால், செம்பு கொடுத்து மேலும் கெடாமல் தடுக்கலாம். ஆகவே காரணம் தெரியாமல் நடை தள்ளாடுவோர்க்குச் செம்பின் அளவைப் பார்ப்பது பயனுள்ளது. ஆனால் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதை நரம்பியல் மருத்துவரே முடிவு செய்யட்டும். என் தம்பி மாத்திரை வாங்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு தன் மருத்துவரிடம் சென்றான்.