சுரங்கம் வகுத்த நகரங்கள்

ஆற்றங்கரையிலும் துறைமுகத்திலும் நகரங்கள் தோன்றி வளர்ந்தமையை வரலாற்றிற் காண்கிறோம். நிலத்தின் கீழ்க் கிடக்கும் தாதுப்பொருளே ஒரு நகரின் இடத்தையும் அமைப்பையும் ஆயுளையும் வகுத்துவிடுவதும் உண்டு. ஆபிரிக்காவிலே, சாம்பியா நாட்டின் செம்பு வலயம் இதற்குத் தக்க சான்றாகும்.

முன்னர் வட றொடீசியா என வழங்கிய அந்நாட்டில், ஈயமும் நாகமும் கிடைத்த கப்வே என்னும் இடத்தைப் புகையிரதப் பாதை 1906 ஆம் ஆண்டில் அடைந்தது. பின்னர் அது வடக்கே செம்பு நிலத்துக்கு நீண்டது. 1930 ஐ அடுத்த ஆண்டுகளில் லுவான்சியா, கிற்வே, முபுலிரா முதலிய நகரங்கள் காட்டின் நடுவே எழுந்தன. லுவான்சியாவில் மலேரியாக் காய்ச்சல் மலிந்திருந்தது. மலாயாவில் அந்நோயை அடக்கிப் புகழ்பெற்ற மல்கம் வாற்சன் என்னும் வைத்தியரின் வழிகாட்டலிற் சதுப்பு நிலங்களின் நீர் வடிக்கப்பட்ட பின்னரே அங்கு மக்கள் நலமாக வாழ முடிந்தது.

இவை பெரும்பாலும் இரட்டை நகரங்கள். ஒருபுறம் கம்பனியின் குடியிருப்பு. மறுபுறம் கடைகளும் அலுவலகங்களும் அமைந்த பொதுநகர். வீடு, நீர், வைத்தியசாலை ஆகியவற்றைக் கம்பனியே அளித்தது; ஆயின், வேலை நீங்கின் வீடும் நீங்கும். ஆபிரிக்கத் தொழிலாளி சிலகாலம் உழைத்துத் தன் கிராமத்துக்கு மீளவேண்டியவன் என்றே ஆட்சியாளர் கருதினர். அவனோ மனைவி மக்களோடு அங்கே வேரூன்றினான்; 1935 இலும் 1940 இலும் வேலைநிறுத்தஞ் செய்தான்; 1949 இல் தொழிற்சங்கம் நிறுவினான்.

1964 இல் நாடு சுதந்திரம் பெற்றது. 1970 இற் சுரங்கங்களின் 51 வீதப் பங்கை அரசு ஏற்றது. எனினும், நகர மக்களின் நலன் சுரங்கத்தையே சார்ந்து நின்றது. ஆகவே, 1970களின் நடுப்பகுதியிற் செம்பின் விலை வீழ்ந்தபோது நகரங்களும் உடன் நலிந்தன. 1997 முதல் 2000 வரையிற் சுரங்கங்கள் மீண்டும் தனியார் வசமாயின. கம்பனி வீடுகள் குடியிருந்தோருக்கே விற்கப்பட்டன. பலர் வேலையை இழந்தனர். வீடொன்றே அவர்களுக்கு எஞ்சியது. கப்வேச் சுரங்கம் 1994 இல் மூடப்பட்டது. அதன் ஈயமோ மண்ணிலும் குழந்தைகளின் குருதியிலும் இன்றும் தங்கியுள்ளது.

தாது ஒருநாள் தீர்ந்துபோகும்; அதனை நம்பிவந்த மக்களோ அங்கேயே இருப்பர். சுரங்கம் செழித்திருக்கும் காலத்திலேயே பிற தொழில்களும், கல்வியும், தன் வருவாயில் இயங்கவல்ல நகரசபையும் அமைந்தாலன்றி, அம்மக்களுக்கு அந்நகரம் நிலையான ஊராகாது.