இரத்தம் சொல்லும் செய்தி

முழந்தாளிட்டுச் செபிக்க இயலாமல், காலை நீட்டியபடி கோயிலின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்களைப் பங்குதோறும் காண்கிறோம். இவர்களுள் சிலரை வாட்டுவது முடக்குவாதம். இது முதுமையின் தேய்மானம் அன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குவதால் விளையும் அழற்சி நோய். ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பீடிப்பது.

இத்தகையோரின் இரத்தத்தைச் சோதித்தால், 'டி-டைமர்' மிகுந்துள்ளது என்று சில வேளைகளில் அறிக்கை வரும். "இரத்தம் உறைந்துவிட்டதோ!" என்று குடும்பமே கலங்கும். இக்கலக்கம் தேவைதானா?

காயம் பட்டதும் இரத்தத்திலுள்ள பைப்ரினோஜன் என்னும் புரதம், பைப்ரின் என்னும் இழைகளாக மாறி, வலைபோல் பின்னிக் குருதிப்பெருக்கை அடைக்கிறது. பின்னர் பிளாஸ்மின் என்னும் நொதி அவ்வலையை அறுக்கிறது. அறுந்த துணுக்குகளுள் ஒன்றே டி-டைமர். உடலில் எங்கோ உறைதலும் கரைதலும் நடந்துள்ளன என்பதற்கு அது சான்று. எங்கே, எதனால் என்று அது சொல்லாது.

முடக்குவாதத்தில், அழற்சியுற்ற மூட்டினுள்ளேயே பைப்ரின் படிகிறது, கரையவும் செய்கிறது. ஆகவே காலில் இரத்தக்கட்டி இல்லாதபோதும் டி-டைமர் உயரலாம். நோய்த்தொற்று, அறுவைச் சிகிச்சை, கருவுற்ற நிலை, புற்றுநோய், முதுமை ஆகியவையும் அதனை உயர்த்தும்.

இச்சோதனையின் பெரும்பயன், "இல்லை" என்று சொல்வதில்தான் உள்ளது. மருத்துவர் பரிசோதித்து, ஐயம் சிறிதே என்று கண்டபின், டி-டைமரும் இயல்பாக இருந்தால் இரத்தக்கட்டி இல்லையென்று பெரும்பாலும் துணியலாம். மிகுந்திருந்தால், அது மேலும் ஆராய அழைக்கும் மணியே, தீர்ப்பு அன்று. ஸ்கேன் போன்ற சோதனைகளே உண்மையைக் காட்டும்.

ஆயினும் அலட்சியம் ஆகாது. முடக்குவாதம் உடையோர்க்கு ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு, மற்றவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமோ, மூச்சுத்திணறலோ, நெஞ்சுவலியோ தோன்றினால், "வழக்கமான வாதவலிதானே" என்று தைலம் தேய்த்துக் காலம் கடத்தாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அறிக்கையைக் கண்டு அஞ்சி, வழக்கமான மருந்தைத் தாமே நிறுத்துவதும், உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் தாமே வாங்கி விழுங்குவதும் ஆபத்து.

தம் நோவைத் தாய் வாய்விட்டுச் சொல்லமாட்டார். நொண்டியபடியே அடுப்படியில் நிற்பார். சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரைப் பின்செல்லும் நாம், இன்று மாலைச் செபம் முடிந்ததும் அன்னையின் கால்களைச் சற்று உற்று நோக்குவோமா?