கட்டியான ஆயில் நல்ல ஆயிலா?

செகண்ட் ஹேண்ட்ல போலோ ஜி.டி. வாங்கின பையன், ஐ20 என் லைனுக்கு ரீமேப் பண்ணலாமான்னு யோசிக்கிற பையன், ரெண்டு பேருக்கும் நம்ம ஊர்ல கிடைக்கிற அறிவுரை ஒண்ணுதான்: "அடிச்சு ஓட்டுற வண்டி மக்கா, கொஞ்சம் கட்டியான ஆயிலா ஊத்து. சத்தம் குறையும்." சத்தம் குறையறது உண்மைதான். ஆனா இன்ஜின் சந்தோஷமா இருக்குன்னு அதுக்கு அர்த்தம் இல்ல.

முதல்ல டப்பாவைப் படிப்போம். ஆயில் "வெயிட்"னு சொன்னாலும் இதுக்கும் தராசுக்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்கூல்ல படிச்ச பாகுநிலைதான் இது. அக்கானி காய்ச்சுறதைப் பார்த்தவங்களுக்கு விளக்கமே தேவையில்ல. கொதிக்கும்போது சலசலன்னு ஓடுற கூப்பனி, ஆறினதும் கரண்டியை விட்டு இறங்கவே யோசிக்கும். ஆயிலும் அப்படித்தான். அதனால எந்தச் சூட்டுல அளந்தாங்கன்னு தெரியாம ஒரு எண்ணை மட்டும் வெச்சுப் பேசறதுல அர்த்தம் இல்ல.

5டபிள்யூ-40 ஆயிலை எடுத்துக்குவோம். 40ங்கிறது 100 டிகிரி செல்சியஸ்ல எடுத்த அளவு. அந்தச் சூட்டுல பாகுநிலை 12.5 சென்டிஸ்டோக்ஸுக்கும் 16.3க்கும் நடுவுல இருந்தா எஸ்.ஏ.இ. கணக்குல அது 40. 9.3ல இருந்து 12.5 வரைக்கும் 30. 16.3க்கு மேல 21.9 வரைக்கும் 50. டபிள்யூன்னா வின்டர். 5டபிள்யூன்னா மைனஸ் 30 டிகிரியிலயும் இன்ஜினைச் சுத்த விடுற அளவுக்கு ஆயில் இளகி இருக்கணும்.

கருங்கல்ல மைனஸ் 30 எந்தக் காலத்துல வரப்போகுது? நியாயமான கேள்வி. ஆனா மார்கழி காலையில தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைஞ்சு நிக்கிற ஊர் இது. இன்ஜின் கணக்குல 25 டிகிரியும் குளிர்தான். ஓடிச் சூடான 5டபிள்யூ-40ஐ விட, காலையில ஸ்டார்ட் பண்ணும்போது இருக்கிற அதே ஆயில் பத்து மடங்குக்கு மேல கட்டி. 20டபிள்யூ-50 ஊத்தியிருந்தா அதுலயும் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஆயில் பம்ப் அதைத் தள்ளத் திணறும்போது பிரஷர் ஏறி ரிலீஃப் வால்வு திறந்துக்கும், தள்ளின ஆயில்ல ஒரு பங்கு பேரிங்குக்குப் போகாமலே திரும்பிடும். மீட்டர்ல பிரஷர் ஜம்முன்னு காட்டும். டர்போ காத்துக்கிட்டு இருக்கும். பிரஷர் வேற, பாய்ச்சல் வேற.

அப்போ தண்ணியா இருக்கிறதையே ஊத்திடலாமான்னா, அதுவும் இல்ல. கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும் ஒண்ணை ஒண்ணு தொடாம இருக்கிறது நடுவுல இருக்கிற ஆயில் படலத்தாலதான். சுத்துற ஷாஃப்ட் தானே ஆயிலை இழுத்து ஆப்பு மாதிரி அடியில செருகிக்கும். அங்க இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல சில பங்கு. சூடு ஏறி ஆயில் ரொம்ப இளகினா ஆப்பு மெலிஞ்சு உலோகமும் உலோகமும் உரசும். பர்ஃபார்மன்ஸ் வண்டியோட பிரச்சினையே இதுதான். அதனால 100 டிகிரி அளவு மட்டும் பத்தாது. 150 டிகிரியில, படுவேகமா அரைபடும்போது எவ்வளவு பாகு மிஞ்சுதுன்னு பார்க்கிற எச்.டி.எச்.எஸ். அளவுதான் முக்கியம். என்னைக் கேட்டா டப்பாவோட முன்பக்கத்துல இதைத்தான் பெருசா அச்சடிக்கணும். பின்பக்கத்துல தேடினாலும் கிடைக்காது, டேட்டா ஷீட்லதான் பார்க்கணும்.

போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.க்குக் கேட்கிற வி.டபிள்யூ. 502 00 அப்ரூவல்ல இந்த அளவு குறைஞ்சது 3.5 இருந்தாகணும். ஐரோப்பாவுல அதே கம்பெனி புது இன்ஜின்களுக்கு 508 00ன்னு ஒரு 0டபிள்யூ-20 ஆயிலைச் சொல்லுது. அதுல 2.6 போதும், காரணம் மைலேஜும் புகைச் சட்டமும். ஃபோர்டு கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவுல 2012 காலத்து 5.0 லிட்டர் மஸ்டாங் ஜி.டி.க்கு 5டபிள்யூ-20. ட்ராக்குக்காக 2012ல வந்த பாஸ் 302, அதே குடும்பத்து 5.0 லிட்டர் இன்ஜின்தான், அதுக்கு 5டபிள்யூ-50. பின்னாடி எண் எப்படித் தாவியிருக்குன்னு பாருங்க. முன்னாடி 5டபிள்யூ அப்படியே இருக்கு. அவங்க "கட்டியா ஊத்து"ன்னு சொல்லல. சூட்டுல கட்டியா நில்லு, குளிர்ல இளகி ஓடுன்னு கேட்டிருக்காங்க.

நம்ம ரோட்டுக்கு வருவோம். கருங்கல்ல இருந்து மார்த்தாண்டம், திரும்பி வீடு, இடையில எண்ண முடியாத வளைவும் ஸ்பீட் பிரேக்கரும். கூலன்ட் முள் சீக்கிரமே நடுவுக்கு வந்துடும், ஆயில் சூடாக அதைவிட நேரம் ஆகும். டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போல குளிர்ந்த சிலிண்டர் சுவர்ல படுற பெட்ரோல் வழிஞ்சு ஆயில்ல கலக்கும். ஆயில் நல்லா சூடானாத்தான் அது ஆவியாகும். சின்னச் சின்ன ஓட்டமாவே இருந்தா ஆவியாகாம தங்கி, 40ஆ ஊத்தின ஆயிலை 30 ஆக்கிடும். இதுக்கு மருந்து 50 ஊத்துறது இல்ல. மேனுவல் சொல்ற 15,000 கிலோமீட்டர் வரைக்கும் இழுக்காம பாதியிலேயே மாத்துறதுதான். அப்படியே டப்பாவுல ஏ.பி.ஐ. எஸ்.பி. இருக்கான்னும் பாருங்க. 2020ல வந்த இந்தத் தரம், சின்ன டர்போ இன்ஜின்கள்ல குறைஞ்ச வேகத்துல பெட்ரோல் முன்கூட்டியே பத்திக்கிறதைத் தடுக்கவும் சோதிக்குது.

ஒரு படி மேல போறதுக்கும் நேரம் உண்டு. காவல்கிணறு தாண்டி நாலு வழிச்சாலையில போறதுக்கெல்லாம் அது தேவையில்ல. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேல டிராக் டே போறீங்க, ஆயில் சூடு 130 தாண்டி அங்கேயே நிக்குதுன்னா, அப்போ 5டபிள்யூ-40ல இருந்து 5டபிள்யூ-50க்குப் போகலாம். அதுக்கு முதல்ல சூட்டை அளக்கணும். ஊகத்துல கிரேடு மாத்துறது ஜுரம் பார்க்காம மாத்திரை போடுற மாதிரி.

எந்த ஆயிலாலயும் தீர்க்க முடியாத ஒண்ணும் இருக்கு. வேகமா வளையும்போது சம்ப்ல இருக்கிற ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிடும், பம்ப் காத்தை உறிஞ்சும். 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேரப் போட்டியில அஜித் குமார் அணி ஓட்டின போர்ஷே 911 ஜி.டி.3 கப் மாதிரி வண்டிகள்ல டிரை சம்ப் இருக்கிறது இதுக்காகத்தான். ஆயில் தனி டேங்க்ல இருக்கும்.

ஃபார்முலா பாரத்துக்கு வண்டி கட்டுற டீம்கள்ல பலர் கே.டி.எம். 390 இன்ஜினைத்தான் எடுக்கிறாங்க. பைக்குல அது சாய்ஞ்சு வளையும், ஆயில் அடியிலேயே நிக்கும். நாலு சக்கரத்துல சாயாம வளையும், ஆயில் பக்கவாட்டுல ஓடும். அதனால சம்ப்ல தடுப்புத் தகடு வைக்காம ஆயில் பிராண்ட் பத்திச் சண்டை போடறது வீண். இன்னொண்ணு, அந்த இன்ஜின்ல கிளட்சும் அதே ஆயில்லதான் முங்கி இருக்கு. மேனுவல் கேட்கிறது 15டபிள்யூ-50, கூடவே ஜாசோ எம்.ஏ. தரம். ஸ்பான்சர் கொடுத்தாங்கன்னு விலை கூடின கார் ஆயிலை அதுல ஊத்தினா, உராய்வைக் குறைக்க அதுல சேர்த்திருக்கிற மருந்து கிளட்சையும் வழுக்க விடலாம். ஆக்சிலரேஷன் ரவுண்டுல இன்ஜின் கத்தும், வண்டி நகராது.