பாடசாலைப் படலைக்கு வெளியே

புதிய தவணை தொடங்கும்போது சில வீடுகளில் ஒரு பிள்ளை மாத்திரம் திண்ணையில் இருந்துவிடுகிறது. காது கேளாத மகன், பார்வை குறைந்த மகள், மெதுவாகப் படிக்கும் பிள்ளை. 16 வயது வரை எப்படியோ பாடசாலைக்குப் போய் வந்தது. "இனி என்னத்துக்கு அலைய வேணும்? நாங்கள் இருக்கிறம்தானே" என்கிறார் தாய். அன்பினால் வரும் சொல் அது. ஆனால் நாம் கண்டவரையில், வலது குறைந்த பிள்ளைகள் முடங்கிப்போவது பாடசாலையை விட்டு விலகிய முதல் ஓரிரு ஆண்டுகளில்தான்.

சொந்தக் காணியில் இருந்த காலத்தில் இவர்களுக்கென்று வேலை தேட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் மாறவும், வெங்காயம் கட்டவும், மாட்டை அவிழ்த்துக் கட்டவும் பழகிய நிலமும் பழகிய மனிதரும் இருந்தனர். இடம்பெயர்ந்தபோது காணியோடு அந்த வேலையும் போயிற்று. கூலிக்குப் போகும் தோட்டத்திலோ விரைவாக முடிக்கும் ஆளைத்தான் கேட்கிறார்கள். ஆகவே எமது குடும்பங்களில் இந்த யோசனை பிள்ளையின் 13, 14 வயதிலேயே தொடங்கவேண்டும். வேலைக்கு அனுப்புவதற்காக அல்ல. 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. பிள்ளைக்கு எது வருகிறது என்று பார்ப்பதற்காகவே.

"எங்கட பிள்ளைக்கு ஒண்டும் ஏலாது" என்ற தாய் ஒருவரின் வீட்டில் ஒரு பகல் முழுவதும் இருந்தோம். மகனுக்கு முப்பது வரை எண்ணத் தெரியாது. ஆனால் முட்டைத் தட்டின் 30 குழியும் நிரம்பினால்தான் அடுத்த தட்டை எடுப்பான். வெடித்த முட்டையைத் தனியே வைப்பான். மாலையில் ஒரு கோழி குறைந்தால் தேடிப்போவதும் அவன்தான். தாய் இதையெல்லாம் தினமும் கண்டவர். வேலை என்று நினைத்ததில்லை, அவ்வளவுதான்.

எமது பிழையையும் சொல்லவேண்டும். அவனை முதலில் கதிரை பின்னும் வகுப்புக்கே அனுப்பினோம். பார்வை இல்லையென்றால் பிரம்பு, காது கேளாவிட்டால் தையல் என்று ஒரு பழக்கம் எம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மூன்று கிழமையில் அவன் போக மறுத்துவிட்டான். 16 வயதானதும், பாடசாலையை விடாமலே, வாரத்தில் இரண்டு நாள் கோழிப்பண்ணை ஒன்றுக்குப் போகத் தொடங்கினான். முதல் மாதம் ஆசிரியை கூடவே நின்றார். பிறகு காலையில் மாத்திரம் வந்து பார்த்தார்.

விடுதியுள்ள விசேட பாடசாலையில் படித்துத் திரும்பும் பிள்ளைக்கு வேறொரு சிக்கல். அது கையால் பேசப் படித்திருக்கும். வீட்டில் அதை விளங்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். விடுமுறைக்கு வரும்போதே பத்துச் சைகையாவது பிள்ளையிடம் கேட்டுப் பழகுங்கள். வேலைக்கு எடுப்பவருக்கும் பிறகு நீங்களே காட்டிக்கொடுக்கலாம்.

பத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடிவந்த வேளையில் பிறப்பத்தாட்சி தொலைந்திருந்தால் பிரதியை இப்போதே எடுத்து வையுங்கள். 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு பிள்ளையின் பெயரைப் பதியுங்கள். சமூக சேவைகள் திணைக்களம் சீதுவை போன்ற இடங்களில் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. எந்த மொழியில் கற்பிக்கிறார்கள் என்று கேட்டறிந்த பின்னரே அனுப்புங்கள்.

தகைமையும் அந்த வேலையைச் செய்யும் ஆற்றலும் உள்ள வலது குறைந்தோருக்கு அரச வேலைகளில் நூற்றுக்கு 3 வீதம் ஒதுக்கவேண்டுமென்று 1988இல் சுற்றறிக்கை வந்தது. ஊனத்தைக் காரணம் காட்டி வேலைக்கு எடுக்காமல் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். இவை தாமாக வீடு தேடி வருவதில்லை. ஆயினும் ஓர் அலுவலகத்தில் கதைக்கும்போது இந்த இலக்கங்களைச் சொன்னால், கேட்பவர் சற்று நிமிர்ந்து இருக்கிறார்.

பண்ணைக்காரர் முதலில் மதியச் சாப்பாடும் பஸ் காசும் தருவதாகச் சொன்னார். அது உதவி, சம்பளம் அல்ல என்றோம். இரண்டு தடவை கதைத்த பின், மற்றவர்களுக்குப்போல் தட்டுக் கணக்கில் கொடுக்க ஒப்புக்கொண்டார். பாடசாலை முடிந்த மறுகிழமையே அவன் முழுநேரமாகச் சேர்ந்தான். இப்போது தனியாகவே பஸ் ஏறுகிறான். மழை நாளில் மாத்திரம் தாய் சந்திவரை வருகிறார்.