பேய் ஊருக்கு ஒரு டூர்... பயம்தான் வரவில்லை!

சனிக்கிழமை ராத்திரி. சாப்பாட்டுக் கடை முடிந்தது. "நாளைக்கு லீவுதானே, ஒரு பேய்ப் படம் பார்க்கலாம்பா" என்றாள் கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் மகள். தேடித் தேடி அவள் எடுத்த படம் 'செர்னோபில் டைரீஸ்'. 2012-ல் வந்த ஹாலிவுட் படம். லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். "எனக்கு இங்கிலீஷ் புரியாது. இருந்தாலும் பேய் எல்லா பாஷையிலயும் ஒண்ணுதானே" என்று எழுபது வயது அம்மாவும் வந்து சேர்ந்துகொண்டார்.

ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத படம். அதற்குள் மகள் நான்கு முறை மொபைலை எடுத்துப் பார்த்துவிட்டாள். நான் ஒருமுறை கண்ணயர்ந்து எழுந்தேன். கடைசிவரை கொட்டக் கொட்ட விழித்திருந்து பார்த்தவர் அம்மா மட்டும்தான். படம் முடிந்ததும் அவர் கேட்ட ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கதை என்ன?

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வரும் அமெரிக்க இளைஞர்கள் மூன்று பேர். உக்ரைன் தலைநகர் கீவில் இருக்கும் அண்ணனைப் பார்க்கிறார்கள். அங்கிருந்து மாஸ்கோ போவதாகத் திட்டம். "மாஸ்கோவை யார் வேணும்னாலும் பார்க்கலாம். யாரும் போகாத இடத்துக்குப் போவோம்" என்று ஆசை காட்டுகிறான் அண்ணன். அந்த இடம் பிரிப்யாத். செர்னோபில் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த, இப்போது ஆளில்லாத நகரம்.

யூரி என்ற வழிகாட்டி. ஒரு பழைய வேன். இன்னும் இரண்டு பயணிகள். செக்போஸ்ட்டில் ராணுவம் திருப்பி அனுப்புகிறது. யூரியோ காட்டு வழியாக உள்ளே கூட்டிப்போகிறான். சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று வந்தால் வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. யாரோ ஒயரை நாசம் செய்திருக்கிறார்கள். இருட்டுகிறது. ஊரில் இவர்களைத் தவிர வேறு யாரோ இருக்கிறார்கள். பிறகென்ன, ஒவ்வொருவராகக் காலி.

தடை செய்யப்பட்ட இடம், பேச்சைக் கேட்காத டூரிஸ்ட்டுகள், காலை வைத்தவர்களை விடாத சாபம். பாழடைந்த பங்களாவில் காலங்காலமாகப் பார்த்த அதே கதைதான். இங்கே பங்களாவுக்குப் பதில் ஒரு நகரம். சாபத்துக்குப் பதில் கதிர்வீச்சு.

குறைந்த பட்ஜெட் குற்றமில்லை

கதையை எழுதித் தயாரித்தவர் ஓரன் பெலி. இவரது 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' நினைவிருக்கிறதா? சுமார் 15 ஆயிரம் டாலரில், ஒரே வீட்டுக்குள் எடுக்கப்பட்டு, உலகம் முழுக்க 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். ஒரு கதவு தானாக அசைந்ததற்கே தியேட்டர் அலறியது. பயமுறுத்தப் பணம் தேவையில்லை என்று நிரூபித்த மனிதர்.

'செர்னோபில் டைரீஸ்' படத்துக்குச் சுமார் 10 லட்சம் டாலர் செலவு. ஹாலிவுட் கணக்கில் இது டீச் செலவு. படப்பிடிப்பு ஹங்கேரியிலும் செர்பியாவிலும் நடந்தது. கிராபிக்ஸ் துறையிலிருந்து வந்த பிராட்லி பார்க்கருக்கு இயக்குநராக இதுதான் முதல் படம். விமர்சகர்கள் துவைத்துக் காயப்போட்டாலும், வசூல் என்னவோ போட்ட காசைப் போல் முப்பது மடங்குக்கு மேல் வந்தது.

ஆக, பட்ஜெட்டைக் குறை சொல்ல முடியாது. முதல் அரைமணி நேரம் நன்றாகவே இருக்கிறது. காலி அடுக்குமாடிகள், ஜன்னல் வழியே தெரியும் அணு உலை, திடீரென்று அறைக்குள்ளிருந்து பாய்ந்து ஓடும் கரடி. அந்த இடத்தில் மகள் என் கையைப் பிடித்தாள். இருட்டிய பிறகுதான் சரிவு. கேமரா ஆடுகிறது, டார்ச் ஆடுகிறது, யாரோ கத்துகிறார்கள், யார் செத்தார்கள் என்பதே தெரியவில்லை. தெரியாததால் வருத்தமும் இல்லை. அந்தப் பிள்ளைகளைப் பற்றி நமக்கு எதையுமே சொல்லாமல் சாகடித்தால் எப்படி மனசு பதறும்? இத்தனைக்கும் பெயரில் 'டைரி' இருக்கிறது. படத்தில் ஒருவரும் டைரி எழுதவில்லை!

அம்மா கேட்ட கேள்வி

படம் முடிந்து லைட்டைப் போட்டேன். அம்மா கேட்டார்: "அது சரி, அந்த ஊர்ல குடியிருந்தவங்கல்லாம் எங்கடா போனாங்க?"

படம் மறந்தும் கேட்காத கேள்வி இது.

1986 ஏப்ரல் 26, அதிகாலை 1.23 மணி. செர்னோபில் நான்காம் உலையில் ஒரு பாதுகாப்புச் சோதனை நடந்துகொண்டிருந்தபோது அது வெடித்தது. சில கிலோமீட்டர் தொலைவில் பிரிப்யாத்தில் சுமார் 49 ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 1970-ல் உருவான புத்தம்புது நகரம். பெரும்பாலும் இளம் தம்பதிகள், குழந்தைகள். விடிந்ததும் அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்று முழுக்கக் குழந்தைகள் தெருவில் விளையாடினார்கள்.

மறுநாள் மதியம்தான் அறிவிப்பு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. சில நாள்களில் திரும்பிவிடலாம் என்று நம்பி, அடையாளச் சான்றுகளையும் கொஞ்சம் சாப்பாட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். நாய், பூனைகளைக் கொண்டுவர அனுமதி இல்லை. அவர்கள் திரும்பவே இல்லை. மே தினத்துக்குத் திறக்கவிருந்த பூங்காவின் ராட்டினம் இன்றும் அப்படியே நிற்கிறது. அந்த ஆண்டு மட்டும் சுற்றுவட்டாரத்திலிருந்து 1 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

நெருப்பை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களும் ஆலை ஊழியர்களுமாக 28 பேர் கடும் கதிர்வீச்சால் அடுத்தடுத்த மாதங்களில் இறந்தார்கள். கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகள் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. நல்லவேளை, அது பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது. இடம்பெயர்ந்து போன ஊர்களில் "இவங்க செர்னோபில்காரங்க" என்று ஒதுக்கப்பட்டதும் நடந்தது. கதிர்வீச்சு தொற்றுநோய்போல ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்தான் காரணம்.

இப்போது படத்தின் முடிவுக்கு வருவோம். பார்க்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். இருட்டில் வேட்டையாடும் அந்தக் கொடூர உருவங்கள் யார் தெரியுமா? ஆஸ்பத்திரியிலிருந்து தப்பிய நோயாளிகள்! பாதிக்கப்பட்டவர்களையே பேயாக்கிவிட்டது படம். செர்னோபில் மக்களுக்காக வேலை செய்தவர்களிடமிருந்து படத்துக்கு எதிர்ப்பு வந்ததில் ஆச்சரியமே இல்லை.

நிஜத்தில் அங்கே இருப்பவர்கள்

தடையை மீறித் தங்கள் கிராமங்களுக்குத் திரும்பி வந்தவர்கள் ஆயிரம் பேருக்கு மேல். அதில் பெரும்பாலோர் பாட்டிமார்கள். சொந்த வீடு, சொந்தத் தோட்டம், புருஷன் புதைக்கப்பட்ட மண். இதை விட்டு எங்கே போவது என்று வந்துவிட்டார்கள். மனிதர்கள் போன இடத்தில் ஓநாய்களும் காட்டுக் குதிரைகளும் பெருகின. மூன்று தலை அரக்கன் எதுவும் பிறக்கவில்லை.

2011-ல் உக்ரைன் அரசு அங்கே முறைப்படி சுற்றுலாவை அனுமதித்தது. 2019-ல் வந்த 'செர்னோபில்' தொடருக்குப் பிறகு கூட்டம் அலைமோதியது. அந்த ஒரே ஆண்டில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அந்தத் தொடரில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அதிகாரிகள் சொன்ன பொய்களும், அதற்கு விலை கொடுத்த சாதாரண மனிதர்களும்தான். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த நடுக்கத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தப் படத்தில் வரவில்லை.

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் அந்த நிலையத்தைக் கைப்பற்றின. சுமார் ஐந்து வாரம் கழித்து வெளியேறின. சுற்றுலாவும் நின்றுபோனது. 2025 பிப்ரவரியில் உலையை மூடியிருக்கும் பிரமாண்டக் கூரையை ஒரு டிரோன் தாக்கி ஓட்டை போட்டது. அந்த ஊரை விடாமல் துரத்துவது சாபம் இல்லை, மனிதர்கள்தான்.

பார்க்கலாமா?

முதல் அரைமணி நேரம் பார்க்கலாம். ரத்தமும் கத்தலும் உண்டு என்பதால் சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். மீதி நேரத்துக்குத் தூக்கம் உத்தமம். பயம் வேண்டுமென்றால் பெலியின் பழைய படத்தைப் பாருங்கள். செர்னோபில் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அந்தத் தொடரைப் பாருங்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி முடித்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மகளும் மொபைலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"மூணு நாள்ல வந்துடலாம்னு அடுப்புல உலை வச்சுட்டு, அப்படியே இறக்கி வச்சுட்டுப் போயிருப்பாளுங்க இல்ல?"

படத்தில் வராத பயம், அப்போதுதான் வந்தது.