மறுசீரமைப்பு என்றால் ஆள்குறைப்பு மட்டுமா?

தலைமைத்துவம் பற்றிய கட்டுரையில் "கடின உழைப்பால் நிறுவனத்தை உயர்த்தினார்" என்று மட்டும் எழுதினால் போதாது, மாணவர்களே. எதை நிறுத்தினார், எதை விற்றார், அதனால் யாருக்கு என்ன ஆச்சு என்பதையும் சொல்லணும். இட்ரிஸ் ஜாலாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரவாக் மாநிலத்தின் பாரியோவைச் சேர்ந்த கெலாபிட் இனத்தவர். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். விமானத் துறை அனுபவமே கிடையாது. 2005 டிசம்பரில் அவரிடம்தான் மாஸ் நிறுவனத்தை ஒப்படைத்தார்கள். அப்போது ஒன்பது மாத நட்டம் மட்டும் 120 கோடி ரிங்கிட்டுக்கு மேல்! கையிருப்புப் பணமோ சில மாதங்களுக்குத்தான் தாங்கும்.

அவர் செய்ததைப் பாருங்க. ஒவ்வொரு வழித்தடத்துக்கும் தனித்தனியாக வரவு செலவு பார்க்க வைத்தார். நட்டம் தந்த பல தடங்கள் நிறுத்தப்பட்டன. கோலாலம்பூரில் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் இருந்த தலைமையகக் கட்டடத்தையே விற்றார்கள். விருப்பப் பணிவிலகல் திட்டத்தில் ஊழியர்கள் பலர் வெளியேறினார்கள். இந்த வரியைக் கட்டுரையில் விட்டுடாதீங்க. 2007இல் இலாபம் 85 கோடி ரிங்கிட்.

ஆனால் 2014இன் இரு விமானப் பேரிடர்களுக்குப் பிறகு, 2015இல் வேறொரு தலைவரின் கீழ் மீண்டும் மறுசீரமைப்பு வந்தது. சுமார் 6,000 பேர் வேலை இழந்தனர். அதனால், ஜாலா மாஸை "நிரந்தரமாகக் காப்பாற்றினார்" என்று எழுதுவது தவறு. "அன்றைய நெருக்கடியிலிருந்து மீட்டார்" என்று எழுதுங்கள்.